ஈரக் கழிவு

மழை நாளில் நூற்றுக்குப் பத்து கழிப்பேன்.
வெறும் பனிமூட்டம் என்றால் ஆறு.
சாக்கில் எவ்வளவு இலை, எவ்வளவு தண்ணீர்
தராசுக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது.
கையை விட்டு அளைந்து ஒரு எண் சொல்வேன்,
பேரேட்டில் ஏறியதும் அது உண்மை.

பதினேழு வருடம்,
அரவேணுவுக்குக் கீழே இலைக் கொட்டகையில்,
நாற்காலியில்.
உட்கார்ந்த நாளெல்லாம் இடுப்பில் வந்து சேர்ந்தது.
பெல்ட்டின் கடைசி ஓட்டையும் போதாமல்
சாக்குத் தைக்கும் கோணூசியால்
இன்னும் இரண்டு குத்தினேன்.

சதை போட்டுட்டீங்க என்றார்கள் கல்யாண வீட்டில்.
சதை போடுங்க என்றான் பெள்ளிராஜ்.
ஒரே சொல்.
முதலாவதைச் சோறு போட்டது,
இரண்டாவதற்கு மாதம் எண்ணூறு ரூபாய்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஜிம்.
கீழே வர்க்கி வேகும்,
மேலே நான்.
மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெய் வாசம்.
"நடக்கிறது தினக்கூலிண்ணே,
நின்னா நின்னுடும்.
சதை வட்டிக்கு விட்ட பணம்,
நீங்க தூங்கினாலும் எரிச்சுக்கிட்டே இருக்கும்."
பட்டாளத்தில் இருந்தவன், சத்தமாகச் சொன்னான்.
நம்பினேன்.

நூறு நாள் இரும்பு தூக்கினேன்.
எல்லோரும் போனபின்
இலைத் தராசில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
எண்பத்திரண்டு.
முதல் நாளும் எண்பத்திரண்டு.

கணக்கு என் தொழில். போட்டுப் பார்த்தேன்.
ஏறிய சதை, ஏறியிருந்தால்,
ஒன்றரைக் கிலோ.
அது சும்மா கிடந்து நாளெல்லாம் எரிப்பது
கால் வர்க்கிகூட இல்லை.
போஸ்ட் ஆபீஸ் வட்டி இதைவிட மேல்.

பூவாயியைப் பார்க்கிறேன்,
அவள் எடை நாற்பது, தலைச்சுமை முப்பது.
பின்னாலேயே ஞானசௌந்தரி வருகிறாள்.
அதே மேடு, அதே முப்பது,
முந்தானைக்குள் ஏழு மாதம் போல வயிறு,
இடுப்புச் சுருக்கில் சர்க்கரை மாத்திரை.
இவ்வளவு காலம் சுமந்த தோள்
ஏன் அதைக் கரைக்கவில்லை?
பெள்ளிராஜ் பாட்டிலைத் திருகி மூடினான்.
"சோறுண்ணே. சோத்தையும் பாக்கணும்.
ரேஷன் அரிசி மூணு வேளை,
பிளேன்டீயில சீனி மூணு கரண்டி,
தூக்கம் அஞ்சு மணி நேரம்.
தோள் மட்டும் என்ன பண்ணும்?"
இதை அவன் பணம் கட்டிய அன்று சொல்லவில்லை.

ஐப்பசி அடைமழை.
பூவாயியின் சாக்கு சொட்டியது.
வழக்கமாக அவளே இறக்குவாள்,
நான் எண்ணை மட்டும் பார்ப்பேன்.
அன்று எழுந்து போய்
அவள் தலையிலிருந்து வாங்கித் தராசில் வைத்தேன்.
வந்துவிட்டது.
சாக்கு அவ்வளவு சுலபமாக வந்ததில்
எனக்கே கொஞ்சம் கூச்சம்.
"பத்து கழிக்கிறேன்" என்றேன்.
"உனக்குக் கொழுப்புய்யா" என்றாள்.
கொட்டகை முழுக்கச் சிரித்தது.

எட்டு என்று எழுதினேன்.
சாயந்திரம் மேனேஜர் கேட்டார், ஏன் எட்டு?
கையில் பிடித்த கனம் எட்டுதான் சொன்னது சார்.
அவர் என் முகத்தைப் பார்க்காமல்
இடுப்பைப் பார்த்தார்.
"இளைச்சுட்டீங்களா?"

குனிந்தேன்.
கோணூசி குத்திய இரண்டும் வெளியே தொங்குகின்றன.
கொக்கி எப்போது உள்ளே நகர்ந்ததென்று
குறித்து வைக்கவில்லை.
வெளியே போனது எது, உள்ளே வந்தது எது,
இரும்பா, இரவில் குறைத்த ஒரு தட்டுச் சோறா?
கழித்துப் பார்க்க வழியில்லை.

தராசு இன்னும் எண்பத்திரண்டுதான்.
இறங்கும்போது முள் கொஞ்ச நேரம்
ஆடிக்கொண்டிருக்கும்,
யாரும் நிற்காத மேடையில்.

போகும் வழியில் வர்க்கி வாங்கினேன்.
கால் கிலோ.
வீட்டில் மூன்று பேர்.